நாலு பக்கக் கட்டும் ஒத்தைக் கட்டும்

தேவிபட்டினத்தில், கடலுக்குள் நிற்கிற நவகிரகக் கற்களைக் கும்பிடப் போகிற வழியில் எனக்கு ஒரு பூஜைச் சாமான் கடை இருக்கிறது. பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடத்தில் விழுந்தவன், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. எனக்கு உருப்படியாகத் தெரிந்த வேலை ஒன்றுதான்: பொட்டலம் கட்டுவது. அதில் மட்டும் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

பொட்டலத்தில் என்ன பெரிய வித்தை என்று தோன்றலாம். என் கடையில் இரண்டு பொட்டலங்கள்தான் அதிகம் போகும். ஒன்று நவதானியம். அதைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நடந்து ஒன்பது கற்களையும் சுற்றுவார்கள். அலை அடித்தாலும் அவிழக் கூடாது. அதனால் நூலைக் குறுக்கே ஒரு சுற்று, நெடுக்கே ஒரு சுற்று விட்டு இறுக்கி முடிச்சுப் போடுவேன். இது நாலு பக்கக் கட்டு. இன்னொன்று எள். முன்னோருக்குத் திதி கொடுக்க உட்கார்ந்தவர் ஈரக் கையால் ஒரே இழுப்பில் பிரிக்க வேண்டும். அதற்குக் குறுக்கே மட்டும் ஒரு சுற்று, நுனியை முறுக்கிச் செருகிவிடுவேன். இது ஒத்தைக் கட்டு. ஆடி அமாவாசைக் கூட்டத்தில் திரும்பிப் பார்க்க நேரம் இருக்காது. பின்னால் கையை விட்டு, நூலைத் தடவியே எள் எது, தானியம் எது என்று எடுத்துக் கொடுத்துவிடுவேன். இருபத்தைந்து வருடமாக என் கை இதைத்தான் செய்கிறது. இப்போதெல்லாம் கட்டும்போது நான் பார்ப்பதுகூட இல்லை.

என் மகளின் மேற்படிப்பு வந்து மாட்டிக்கொண்டது இந்த இரண்டு கட்டுக்கு நடுவில்தான்.

முதலில், வடக்கே இருக்கிற அந்தப் பெரிய நிர்வாகக் கல்லூரி மேல் எனக்கு எப்படிப் பித்துப் பிடித்தது என்று சொல்லிவிடுகிறேன். மகள் அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். வடநாட்டிலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்து இறங்கியது. தாயும் தகப்பனும் கடலுக்குள் போய்விட்டார்கள். கூட வந்த அவர்கள் மகன், மீசை அரும்பின வாலிபர், தண்ணீரில் இறங்காமல் என் கடைக்கு எதிரே நின்று கடையையே பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் பார்த்திருப்பார். திருட்டுக்கு நோட்டம் விடுகிறாரோ என்றுகூட நினைத்தேன். பிறகு கிட்ட வந்து ஏதோ இந்தியில் பேசினார். அவர்களைக் கூட்டி வந்த டிரைவர் மதுரைக்காரர், அவர்தான் எனக்குத் தமிழில் சொன்னார்.

"அண்ணே, தம்பி என்ன சொல்லுதுன்னா, நவதானியம் ஒண்ணு, சூடம் ஒண்ணு, தேங்காய் ஒண்ணு, வெத்தலை பாக்குன்னு ஒவ்வொண்ணா நீங்க எடுத்து வைக்கிறதுக்குள்ள பின்னால நிக்கிறவன் பக்கத்துக் கடைக்குப் போயிர்றானாம். எல்லாத்தையும் ஒரே பையில போட்டு, 'செட்'டுன்னு எழுதித் தொங்கவிடச் சொல்லுது."

"தம்பிக்கு என்ன தொழிலு?"

"தொழிலு இல்லண்ணே, இன்னும் படிக்குது." டிரைவர் அந்தக் கல்லூரியின் பெயரைச் சொல்லி, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அங்கன சீட்டுக் கெடைக்கிறது லேசுப்பட்ட காரியம் இல்ல."

மறுநாளே பத்து செட் கட்டித் தொங்கவிட்டேன். மதியத்துக்குள் தீர்ந்துவிட்டது. அந்த மாதம் முடிவதற்குள் எங்கள் தெருவில் அத்தனை கடையிலும் செட் தொங்கியது. இன்றைக்கும் தேவிபட்டினத்துக்கு வருகிறவர்கள், "ஒரு செட்டுக் குடுங்க" என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தம்பியின் முகம் வந்துபோகும். தினமும் கடை திறந்து விளக்கேற்றும்போது, குடும்பத்துக்கு நோய் நொடி வரக் கூடாது, மழை பெய்ய வேண்டும் என்கிற வேண்டுதல்களோடு, என் மகள் அந்தக் கல்லூரியில் படிக்க வேண்டும் என்பதையும் கடைசியில் சேர்த்துக்கொண்டேன். பன்னிரண்டு வருடம் சாமிக்கு நான் கொடுத்த தொல்லை அது.

மகள் ராமநாதபுரத்தில் வணிகவியல் படித்து முடித்து, மதுரையில் மிளகாய் வற்றல் ஏற்றுமதி செய்கிற ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். வேலை பார்த்துக்கொண்டே அந்தக் கல்லூரிக்குப் பரீட்சை எழுதினாள். முதல் தடவை வரவில்லை. "விடுங்கய்யா, மறுபடி எழுதுவோம்" என்றாள். நான்தான் அழுதேன். இரண்டாவது தடவை இடம் கிடைத்துவிட்டது. சேதி வந்த அன்று கடைக்கு வந்த அத்தனை பேருக்கும் செட்டோடு ஒரு பிடி கற்கண்டு கொடுத்தேன். எதிர் டீக்கடைக்காரரிடம் சொன்னேன். அர்ச்சகரிடம் சொன்னேன். பேருந்தை விட்டு இறங்கிச் சில்லறை கேட்டவரிடம்கூடச் சொன்னேன்.

பத்து நாள் கழித்து இன்னொரு கடிதம் வந்தது. அவள் அலுவலகத்து மேலாளர் சொல்லி, எங்களுக்குத் தெரியாமல் அவள் ஒரு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். நெதர்லாந்து என்கிற நாட்டில், நிலத்தில் விளைகிற பொருள் விவசாயி கையிலிருந்து சாப்பிடுகிறவர் தட்டு வரைக்கும் எப்படிப் போகிறது, எங்கே வீணாகிறது, நடுவில் யார் என்ன செய்தால் நல்ல விலை கிடைக்கும் என்று ஒரு படிப்பாம். படிப்புக்கும் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும், விமானத்துக்கும்கூட அவர்களே பணம் கொடுக்கிறார்களாம்.

என் மனைவி அன்று முழுக்கச் செல்போனில் அந்த நாட்டைத் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, அந்த ஊரு கடலுக்குக் கீழ இருக்காமே."

"அப்ப அங்கன மனுசன் எப்படி இருக்கான்?"

"சுத்திக் கரை கட்டி இருக்காங்களாம். நம்ம சாமி கடலுக்குள்ள நிக்கலையா, அது மாதிரிதான்."

"சாமி நிக்கும். நம்ம பிள்ளை நிக்குமா?"

"நாலு வயசுல அலையில எறங்கி நின்ன பிள்ளைங்க அது. சோறும் போட்டு, காசும் குடுத்துப் படிக்க வான்னு கூப்பிடுறான். நீங்க என்னடான்னா பேங்குக்காரன் வாசல்ல போயி நிக்கத் துடிக்கீங்க."

"அந்தக் காலேசுக்குப் பேரு இருக்கு, பேரு."

"பேர வச்சு என்ன செய்ய, போத்திக்கிறதா? அங்கன குளுருக்குக் கம்பளி வாங்கவும் சேத்துல்ல குடுக்கான்."

பெரிய கல்லூரிக்கு வங்கிக் கடன் வாங்க வேண்டும் என்பது உண்மைதான். அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை, படித்து வெளியே வந்தால் அவளே கட்டிவிடுவாள் என்று எல்லோரும் சொன்னார்கள். என் மனைவிக்கும் பணம் பெரிய காரணம் இல்லை என்று நினைக்கிறேன். அவள் பிறந்த ஊர் ஆர்.எஸ்.மங்கலத்துக்கு மேற்கே. நாலு தலைமுறையாக மிளகாய் போடுகிற குடும்பம். விளைகிற பொருளைப் பற்றிப் படிக்க ஒரு படிப்பு இருக்கிறது என்றதுமே அவளுக்கு அது பிறந்த வீட்டுச் சீர் மாதிரி ஆகிவிட்டது.

மகளைக் கேட்டால், "நீங்க ரெண்டு பேரும் பேசி ஒண்ணைச் சொல்லுங்க. ரெண்டுமே எனக்குச் சம்மதந்தேன்" என்றாள். நான் அதை அப்படியே நம்பினேன். இரண்டில் ஒன்று பிடித்திருக்கிறவர்கள்தான் இப்படிச் சொல்வார்கள் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மாலைக்குள் இரண்டு இடத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். செவ்வாய்க்கிழமை வரைக்கும் வீட்டில் இதே பேச்சு. குழம்புக்கு உப்புக் கூடினால்கூட, "எல்லாம் அந்தப் பேரு பெத்த காலேசால வந்தது" என்றாள் மனைவி. கடைசியில் நான்தான் சொன்னேன், "பூக்கட்டிப் பாத்திருவோம். அய்யனாரு சொல்லட்டும்."

எங்கள் பக்கத்தில் குழப்பமான காரியம் எதுவானாலும் குலசாமி முன்னால் பூக்கட்டிப் பார்ப்போம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் இது, சிவப்பு வந்தால் அது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, இரண்டையும் தாம்பாளத்தில் குலுக்கிச் சாமி காலடியில் வைப்போம். ஒரு சின்னப் பிள்ளையோ, கல்யாணமாகாத பெண்ணோ ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்தது சாமி வாக்கு. இரண்டு பொட்டலமும் பார்க்க ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் அதில் விதி.

புதன்கிழமை கடையைப் பூட்டிவிட்டு மூன்று பேரும் கிளம்பினோம். உப்பூர் வந்ததும் பேருந்துக்குள் இருந்தபடியே பிள்ளையாரை நோக்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். "நான் கேக்கிறதை உங்க கூட்டத்துல கொஞ்சம் சிபாரிசு பண்ணுங்க" என்றும் சொல்லிவைத்தேன். மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். வழி நெடுகச் சாலையோரத்தில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது, சிவப்புப் பாயை விரித்த மாதிரி.

"அய்யா, அங்கன பாருங்க. இன்னும் ஈரம் போகல, அதுக்குள்ள சாக்குல அள்ளுறாங்க. மதுரைக்கு வாரதுக்குள்ள பாதி கறுத்துப் போகும். அங்கன வந்ததும் ஏவாரி கறுப்பைக் காட்டியே வெலையக் கொறைப்பான்."

"சாமி கும்பிடப் போறப்ப என்னத்தா மொளகாப் பேச்சு?"

அவள் சிரித்துவிட்டு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த இடத்திலேயே நான் கொஞ்சம் காதைக் கொடுத்துக் கேட்டிருந்தால் பூவும் வேண்டாம், பொட்டலமும் வேண்டாம்.

எங்கள் அய்யனார் கோயிலில் பூசை செய்வது என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன். வாய்க்கு வாய் கேலி பேசுகிற ஆள்.

"ஏலே, கடையப் பூட்டிட்டு வந்திருக்கன்னா பெரிய காரியமால்ல இருக்கணும். மாப்பிள்ளை வந்திருச்சோ?"

"படிப்பு விசயம்ணே."

"இன்னுமா படிக்குது? நீ பாதியில விட்டதையும் சேத்துப் படிக்குதோ?"

"பெரியப்பா, அய்யா விட்டதப் படிக்கணும்னா எனக்கு ஆயுசு பத்தாது" என்றாள் மகள்.

அண்ணன் செடியிலிருந்து வெள்ளரளி ஒன்று, செவ்வரளி ஒன்று பறித்துக் கொடுத்தார். இரண்டும் அரளிதான். தொட்டால் வித்தியாசம் தெரியாது. நான் சாமியைப் பார்த்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அய்யா, வெள்ளை வந்தா வடக்க, பெரிய காலேசு. செவப்பு வந்தா கடலுக்குக் கீழ இருக்கிற ஊரு" என்று சொன்னேன். வழக்கமாகப் பொட்டலத்தைப் பூசாரிதான் கட்டுவார். அன்று அண்ணன் துண்டுக் காகிதத்தையும் பூக்கட்டுகிற நூலையும் என்னிடம் நீட்டிவிட்டார்.

"பொட்டலங் கட்டுறதுல இந்தச் சீமையில ஒன்னைய விட்டா ஆளு யாரு? நீயே கட்டு. நான் மணியடிக்கேன்."

எல்லோருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி நின்று, முதலில் வெள்ளையை, அடுத்துச் சிவப்பை வைத்துக் கட்டினேன். கட்டும்போது கண்ணை மூடிக்கொண்டு அய்யனாரையே நினைத்துக்கொண்டிருந்தேன். அது சத்தியம். இந்தப் பூவுக்கு இந்தக் கட்டு என்று மனதால் ஒரு நொடிகூட நினைக்கவில்லை.

அண்ணன் தாம்பாளத்தைக் குலுக்கி, இரண்டையும் அய்யனார் குதிரையின் குளம்படியில் போட்டார். "எடு ஆத்தா" என்றார்.

மகள் குனிந்தவள் எடுக்கவில்லை. பொட்டலங்களைப் பார்த்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடி பொட்டலத்தைப் பார்த்தாள். அப்புறம் லேசாகச் சிரித்தபடி ஒன்றை எடுத்து அண்ணனிடம் கொடுத்தாள்.

அண்ணனால் அதைப் பிரிக்க முடியவில்லை. நகத்தால் நெம்பிப் பார்த்தார். கடைசியில் பல்லால் நூலைக் கடித்தார். "ஏலே, பூவத்தானலே கட்டச் சொன்னேன். நகையவா கட்டிக் குடுத்தே?"

உள்ளே வெள்ளரளி.

நான் அப்படியே மண்ணில் விழுந்து கும்பிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் மனைவி, "சாமி சொன்னதுக்கு மேல நான் என்ன சொல்ல" என்று திருநீற்றை எடுத்து மகள் நெற்றியில் பூசினாள். அவள் முகம் வாடியதுதான், ஆனால் சாமி வாக்கை மீறிப் பேசுகிறவள் இல்லை. திரும்பி வரும்போது மகள் ஜன்னலோரம் உட்காரவில்லை. மிளகாய் காய்கிற பக்கம் அவள் பார்க்கவே இல்லை என்பது எனக்குப் பிற்பாடுதான் நினைவுக்கு வந்தது.

வியாழக்கிழமை காலையில் கடை திறந்து, சாமியே சொல்லிவிட்டது என்பதையும் சேர்த்து மறுபடி தெரு முழுக்கச் சொன்னேன். டீக்கடைக்காரர், "நீங்க சொல்லிச் சொல்லி இப்ப எங்க வீட்டுக் கோழிக்குக்கூட அந்தக் காலேசு பேரு தெரியும்" என்றார். பத்து மணிவாக்கில், எள் வாங்கிக்கொண்டு போன ஓர் அம்மா பாதி வழியில் திரும்பி வந்தார்.

"ஏம்ப்பா, நான் எள்ளு கேட்டேன். நவதானியத்தக் குடுத்திட்டியோன்னு சந்தேகமா இருக்கு. பிரிச்சுப் பாக்கட்டா?"

"பிரிக்க வேணாந்தாயி. கட்டைப் பாருங்க. ஒத்தைக் கட்டு, இழுத்தா வந்திரும். அது எள்ளுதான். நவதானியம்னா நாலு பக்கக் கட்டு, பல்லால கடிச்சாத்தான்..."

அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டார். எனக்குக் கண்ணுக்குள் அண்ணன் பல்லால் நூலைக் கடிப்பது மட்டும் நின்றது. ஒத்தைக் கட்டாக இருந்தால் ஏன் கடிக்க வேண்டும்? அப்படியானால் இன்னொரு பொட்டலம்?

அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, நேத்து எடுக்காத பொட்டலம் அங்கன இருக்கா?"

"அத எதுக்குலே கேக்க? அதான் சாமி வேணாம்னுருச்சே."

"பிரிக்காம, எப்படிக் கட்டியிருக்குன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

"இரு, இரு... வேலுக்குப் பக்கத்துல கெடக்கு. குறுக்க ஒரு நூலு. நுனிய முறுக்கிச் செருகியிருக்கு. லேசா இழுத்தேன், வந்திருச்சு. செவ்வரளி. ஏலே, என்ன வெளாட்டு இது?"

நான் ஆசைப்பட்ட கல்லூரிக்கு என் கை நவதானியக் கட்டைப் போட்டிருக்கிறது. வேண்டாம் என்று நினைத்த ஊருக்கு எள்ளுக் கட்டைப் போட்டிருக்கிறது. மனசு சாமியை நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் கை தன் பாட்டுக்குத் தன் விருப்பத்தை நூலில் எழுதிவிட்டது. அதுவும் குலசாமி முன்னால். பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

மகள் வங்கிக்குக் கொடுக்க வேண்டிய காகிதங்களைத் தரையில் பரப்பி வைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்தேன்.

"தாயி, நேத்து அந்த ரெண்டு பொட்டலத்தையும் பாத்தப்ப ஒனக்குக் கட்டு தெரிஞ்சுச்சா?"

அவள் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கடையில வளந்த பிள்ளைகிட்டக் கேக்கிற கேள்வியாய்யா இது? மூணாப்பு லீவுலயிருந்து நான் எள்ளுக்கு நுனி முறுக்கியிருக்கேன்."

"அப்ப அங்கனயே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லலாம்னுதான் உங்களப் பாத்தேன். நீங்க கையக் கூப்பிக்கிட்டு உருகிப்போயி நின்னீங்க. ஒண்ணு தானியத்துக்குக் கட்டுற கட்டு, ஒண்ணு திதிக்குக் கட்டுற கட்டு. எங்கய்யா எதுக்கு எதைக் கட்டியிருப்பாருன்னு எனக்குத் தெரியாதா? எதை எடுத்தா உங்க மொகம் மலருமோ அதை எடுத்தேன்."

அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "நல்லா இருக்கு! சாமியக் கேட்டுட்டு வாரோம்னு போயி, அப்பனும் மகளும் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுட்டு வந்திருக்கீங்க. அய்யனாரு குதிரையில ஒக்காந்து வேடிக்கை பாத்திருக்காரு."

"மறுபடி போயிக் கேப்போமா?" என்றேன்.

"ஒரு காரியத்துக்கு ஒரு தடவைதான். நமக்கு வேணுங்கிறது வார வரைக்கும் அமுக்கிக்கிட்டே இருக்கிறதுக்குச் சாமி என்ன செல்போனா?"

அவள் சொன்னது சரி. வெள்ளிக்கிழமைக்கு ஒரு நாள்தான் மிச்சம். "சரி தாயி, வாயைத் திறந்து சொல்லு. ஒனக்கு எது வேணும்?"

"வேணாம்யா. நான் சொன்னா நீங்க உடனே சரிம்பீங்க. அப்புறம் செட்டுக் கட்டும்போதெல்லாம் அந்தக் காலேசை நெனச்சுக்கிட்டே கட்டுவீங்க. பன்னெண்டு வருசமா நீங்க கேட்ட வரம் அது. எனக்குத் தெரியாதா?"

நான் வேண்டிக்கொள்வது மனசுக்குள் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். வாய்விட்டு வேண்டியிருக்கிறேன் போல.

பேசிப் பயன் இல்லை என்று தெரிந்தது. எழுந்து போய்ச் சாமி விளக்கை ஏற்றினேன். வீட்டில் எப்போதும் இருக்கிற நூல்கண்டை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தேன். அவள் பிரிண்ட் எடுத்து வைத்திருந்த இரண்டு கடிதங்களையும் எடுத்து வைத்தேன்.

"வாயால சொல்ல வேணாம். என் கை நேத்து பேசிருச்சு. இன்னைக்கு ஒன் கை பேசட்டும். ரெண்டையும் கட்டு."

பெரிய கல்லூரியின் கடிதத்தை எடுத்து மடித்தாள். சின்னதாக, என் கடைப் பொட்டலம் அளவுக்கு வரும்வரை மடித்தாள். நூலைக் குறுக்கே ஒரு சுற்று விட்டாள். நுனியை விரலால் உருட்டி முறுக்கிச் செருகினாள். எனக்கு நெஞ்சுக்குள் ஒரு இழுப்பு. இல்லை என்று சொன்னால் பொய்.

அடுத்த கடிதத்தை எடுத்தாள். குறுக்கே ஒரு சுற்று. திருப்பி, நெடுக்கே ஒரு சுற்று. முடிச்சை இறுக்கினாள். திருப்தி இல்லாமல் இன்னொரு முடிச்சுப் போட்டாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்து, பொட்டலத்தை என் முன்னால் தள்ளினாள். விரலால் நெம்பிப் பார்த்தேன். அசையவில்லை. இருபத்தைந்து வருடத்தில் நான்கூட அப்படி ஒரு கட்டுக் கட்டியதில்லை.

"அங்கன என்ன தாயி இருக்கு?" என்று அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டேன்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். அம்மா பிறந்த ஊரில் மிளகாய் போடுகிற வீடுகளைப் பற்றி, சாலையோரத்துச் சாக்கைப் பற்றி, காயவைக்கிற விதத்தைக் கொஞ்சம் மாற்றினால் கறுக்காமல் இருக்கும் என்பதைப் பற்றி, பத்து விவசாயிகள் சேர்ந்து தாங்களே தரம் பிரித்துக் கட்டினால் வியாபாரி பேசாமல் வாங்குவான் என்பதைப் பற்றி. அந்த நாட்டில் அதை எப்படிச் செய்கிறார்கள் என்று நேரில் பார்க்க வேண்டுமாம். அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றுபோனது. நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு கட்டத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னய்யா சிரிக்கீங்க?"

"ஒண்ணுமில்ல தாயி. நீயும் செட்டுக் கட்டத்தான போற. நான் தேங்காய் சூடத்துக்குக் கட்டுனேன், நீ மொளகாய்க்குக் கட்டப் போற."

விளக்கு முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டேன். "அய்யனாரப்பா, தெரியாமச் செஞ்ச பிழை. பிள்ளை மனசை நான் கேக்கிறதுக்கு முந்தி ஒங்ககிட்ட வந்துட்டேன்." பிழைக்குப் பரிகாரமாக ஒரு மாதத்துக்குக் கோயில் விளக்குக்கு எண்ணெய் கொடுப்பதாக வேண்டிக்கொண்டேன். அண்ணனிடம் போனில் சொன்னபோது, "எண்ணெயோட ஒரு கத்திரிக்கோலும் வாங்கிட்டு வா. என் பல்லு ஆடுது" என்றார்.

வெள்ளிக்கிழமை மாலை, வெயில் சாய்கிற நேரத்தில், கடையில் உட்கார்ந்துதான் அவள் செல்போனில் நெதர்லாந்துக்குச் சம்மதம் சொல்கிற பொத்தானை அழுத்தினாள். "போட்டுட்டேன்யா" என்றாள். அதற்குள் ஒருவர் வந்து செட் கேட்டார். எடுத்துக் கொடுத்தாள்.

தெருவில் சொன்னதையெல்லாம் திரும்ப எடுப்பதுதான் எனக்குப் பெரும்பாடாகிவிட்டது. ஒவ்வொருவரும், "அப்ப அந்தக் காலேசு?" என்று கேட்டார்கள். டீக்கடைக்காரர் மட்டும், "கோழிகிட்ட நான் பேசிக்கிறேன், நீங்க கவலைப்படாதீங்க" என்றார்.

ஆவணியில் அவள் கிளம்பிப் போனாள். நாலு பக்கக் கட்டுப் போட்ட கடிதத்தைப் பிரிக்காமல் அப்படியே பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள். மற்றதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு வருடத்து வேண்டுதலைக் குப்பையில் போடவும் மனசு வரவில்லை, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்கவும் நியாயம் இல்லை. கடைக்குக் கொண்டுவந்து எதிலோ போட்டவன், எதில் போட்டேன் என்பதை மறந்துபோனேன்.

மகாளய அமாவாசை அன்று நல்ல கூட்டம். கை பின்னால் போய்ப் போய்ப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தது. வெயில் ஏறின பிறகு, இடுப்பு வேட்டி நனைந்த ஒருவர் கையில் ஒரு காகிதத்தோடு வந்து நின்றார். சட்டையில்லாத உடம்பில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மூக்குக் கண்ணாடி போட்டிருந்தார். பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி ஒரு பார்வை.

"என்னங்க, எள்ளு கேட்டா லெட்டரைக் கட்டிக் குடுத்திருக்கீங்க. அய்யரு மந்திரம் சொல்லி முடிக்கிறாரு, நான் பிரிச்சா உள்ள இங்கிலீசு."

கை தடவி எடுத்தது. ஒத்தைக் கட்டு. அது சரியாகத்தான் எடுத்திருக்கிறது. நான் பதறிப்போய் எள்ளை எடுத்து நீட்டினேன். ஒரு கட்டிச் சூடமும் சும்மா கொடுத்தேன். அவர் உடனே போகவில்லை. காகிதத்தை இன்னொரு தடவை படித்தார்.

"யாருக்குங்க இந்தச் சீட்டு?"

"எம் மகளுக்குங்க."

"அடேயப்பா. அப்ப அங்கனயா படிக்குது?"

"இல்லைங்க. கடலுக்குக் கீழ ஒரு ஊரு இருக்கு, அங்கன மொளகாயப் பத்திப் படிக்குது."

அவர் என்னைப் பார்த்தார். இதை விட்டுவிட்டா என்று கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. காகிதத்தை என் கையில் கொடுத்தார். உப்புத் தண்ணீர் பட்டு எழுத்துகள் கலங்கியிருந்தன.

"மன்னிச்சுக்குங்க, ஈரக் கையோட பிரிச்சிட்டேன். லேசா இழுத்தேன், வந்திருச்சு."

"பரவால்லைங்க," என்றேன். "அது அப்படி வரணும்னுதான் எம் மக கட்டியிருந்துச்சு."